கோரைக்குள் ஒரு பாக்ரோல்

வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி பிளாக்கில், தரைத்தளத்தில் இருந்தது அனந்தலக்ஷ்மியின் வீடு. கணவர் ஸ்ரீனிவாசராகவன் சிக்னல் பிரிவில் இன்ஸ்பெக்டர். 2002இல் கரக்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு குளம், அதைச் சுற்றி ஆளுயரக் கோரை. அதற்கும் அப்பால் யார்டில் வரிசையாகச் சரக்கு வண்டிகள்.

அடுத்த வருஷம் ஜனவரியில், பனி விலகாத ஒரு விடியற்காலையில் பாலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலில் அதைப் பார்த்தாள். பூனைதான், ஆனால் வீட்டுப் பூனையைப்போல் இரண்டு மடங்கு. சாம்பல் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் வரிவரியாக ஓடின. குட்டையான தடித்த வால். தண்ணீர் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு முன்காலால் தண்ணீரை மெல்லத் தட்டியது, ஏதோ பூச்சி விழுந்த மாதிரி. ஒரு சுழி தெரிந்ததும் தலைகுப்புறப் பாய்ந்து முழுதாக மூழ்கிப்போனது. அனந்தலக்ஷ்மி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாயில் ஒரு மீனோடு கரையேறி, உடம்பை ஒரே ஒரு உதறு உதறிவிட்டுக் கோரைக்குள் போய்விட்டது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

"ஏன்னா, தண்ணியில முங்கற பூனையைப் பாத்திருக்கேளா?"

"பூனையாவது, முங்கறதாவது! நீர்நாயா இருக்கும்," என்றார் அவர் பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

அவள் அப்புறம் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தரை மணிக்கு எழுந்து ஜன்னலடியில் நிற்பது வழக்கமாயிற்று. மார்ச்சில் அதன் வயிறு கனத்தது. ஏப்ரலில் சில நாள் காணவில்லை. மறுபடி வந்தபோது விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. முன்னைவிட அவசரமாக மீன் பிடித்தது. குட்டி போட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அன்று முழுக்கக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தாள்.

குளம் தாராவின் குத்தகையில் இருந்தது. அடுத்த தெருவில் இருந்த விதவை. மீன் வளர்த்துச் சந்தையில் விற்றுப் பிழைத்தாள். மீன் குறைகிறது என்று கொஞ்ச நாளாகவே புலம்பிக்கொண்டிருந்தாள்.

மே மாதத்தில் ஒரு நாள் காலை குளக்கரையில் பெருங்கூச்சல். அனந்தலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். தாராவின் கொழுந்தனும் நாலைந்து ஆட்களும் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். முகமது இஸ்மாயில், யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். ஷிஃப்ட் முடிந்து தினமும் அந்தக் கரை வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். கரையில் கிடந்த மீன் செதிலும் அவர் தோளில் தொங்கிய பையும் அவரை மீன் திருடன் என்று முடிவுகட்ட அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. ஒருவன் கையில் மூங்கில் கழி. இஸ்மாயிலின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது.

அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள்.

"அவரை விடுங்க! தாராதி, மீனை இவர் எடுக்கலை. எனக்குத் தெரியும்," என்றாள் வங்காள மொழியில்.

"பின்னே யாரு, பௌதி?" என்று தாரா கேட்டாள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அனந்தலக்ஷ்மி பௌதி, அண்ணி; அவளுக்குத் தாரா 'தி', அக்கா.

அனந்தலக்ஷ்மி கோரையைத் திரும்பிப் பார்த்தாள். கழி மறுபடி உயர்ந்தது.

"ஒரு மிருகம். பூனை மாதிரி, பெரிசா. தினம் காலையில வந்து பிடிக்குது."

"ஓ, பாக்ரோல்," என்றான் கொழுந்தன். மீன்பிடிப் பூனைக்கு வங்காளத்தில் அந்தப் பெயர். இஸ்மாயிலின் காலரை விட்டான். அவன் கண் கோரைப் பக்கம் திரும்பிய விதத்திலேயே, தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"அதுக்குக் குட்டி இருக்கு, தாராதி. ஒண்ணும் பண்ணிடாதீங்க."

"நான் என்ன பண்ணப்போறேன், பௌதி," என்றாள் தாரா.

மூன்றாம் நாள் காலை அது பாதி உடம்பு தண்ணீரிலும் பாதி கரையிலுமாகக் கிடந்தது. மீனுக்குள் பூச்சிமருந்தை வைத்துப் போட்டிருந்தார்கள்.

ஸ்ரீனிவாசராகவன் போன் செய்து வனத்துறை அதிகாரியை வரவழைத்தார். அதிகாரி அதன் விரல்களை விரித்துக் காட்டினார். நடுவே வாத்துக்கு இருப்பதுபோல் மெல்லிய தோல் பாதிவரை படர்ந்திருந்தது. மேல் ரோமத்தை ஒதுக்கினார். அடியில் இன்னொரு ரோமம், பஞ்சுபோல் நெருக்கமாக.

"எவ்வளவு முங்கினாலும் தோலில் தண்ணி படாது. சதுப்புநிலத்தை நம்பி வாழற ஜீவன். நாம சதுப்பையெல்லாம் மண்ணடிச்சு மூடறோம். புலியையாவது எண்ணறாங்க. இது எத்தனை மிச்சமிருக்குன்னு யாருக்கும் தெரியாது." அவர் உடலைப் புரட்டினார். மடிக்காம்புகளில் பால் கசிந்திருந்தது.

தாரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தனை அங்கே காணோம்.

குட்டிகளைத் தேடிக் கோரைக்குள் முதலில் இறங்கியவர் இஸ்மாயில். வீங்கிய உதட்டோடு இடுப்பளவு சேற்றில் இரண்டு நாள் தேடினார். இரண்டாம் நாள் மத்தியானம் தன் சட்டையில் ஒரு குட்டியைப் பொதிந்து கொண்டுவந்தார். இன்னொன்றை எறும்பு மொய்த்துவிட்டது என்றார். குட்டிக்குக் கண் திறந்திருந்தது, சீறத் தெம்பில்லை. வனத்துறை வண்டி வரும்வரை அனந்தலக்ஷ்மி அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கைக்குட்டை அளவுகூடக் கனமில்லை.

தினமும் போன் செய்து விசாரித்தாள். நாலாம் நாள், "அது போயிடுச்சும்மா," என்றது ஒரு குரல்.

"நீ சொல்லலேன்னா அந்த மனுஷனை அடிச்சே கொன்னிருப்பா," என்றார் கணவர்.

"தெரியும்னா."

"அப்புறம் ஏன் அழறே?"

அவள் எழுந்துபோய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்தினாள்.

நவராத்திரி பூஜை முடிந்து இஸ்மாயிலுக்கு ஆத்ரா யார்டுக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"பௌதி, நானே எடுத்தேன்னு அன்னிக்கு ஒத்துக்கிட்டிருக்கலாம். நாலு அடி விழுந்திருக்கும். ஆறியிருக்கும்."

"அப்படிப் பேசாதீங்க," என்றாள் கோபமாக. "இன்னொரு தரம் நடந்தாலும் நான் சொல்லத்தான் செய்வேன்."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. இஸ்மாயில் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே ரிக்ஷாவில் மனைவியும் நாலு குழந்தைகளும் மூட்டைகளோடு காத்திருந்தார்கள். கடைக்குட்டி, "அப்பா, வண்டி போயிடும்," என்று கூப்பிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.