தலைவர் கை காட்டிய திசை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் இரண்டு கண்களின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். இடது கண்ணில் புரை விழுந்துவிட்டது. அதன் பங்கையும் சேர்த்து வலது கண்ணின் மீது இரட்டை ஆணை. நான் கட்சிக்காரன் இல்லை. பட்டறை வைத்து, வெல்டிங் அடித்துப் பிழைத்தவன். எனக்கு எந்தப் பக்கமும் சாய்வு கிடையாது. முதுகு மட்டும் சற்று இடப்பக்கம் சாயும். அது டாக்டருக்கும் எனக்கும் உள்ள விவகாரம்.

கட்சி பிறந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆனால் பாதிதான். தலைவர் ஒரு தார் பீப்பாய் மீது ஏறி நின்று, வலது கையை நீட்டி, "நம்ம வழி அதோ அந்த வழி!" என்று முழங்கினார் என்பதோடு பாடம் முடிந்துவிடும். அந்த நொடியில் பீப்பாயின் மூடி உள்வாங்கி அவர் இடுப்புவரை தாரில் இறங்கிவிட்டார் என்பது பாடத்தில் இல்லை. ஆளை இழுத்தெடுக்கிற அவசரத்தில் எந்த வழி என்று கேட்க எல்லோரும் மறந்துபோனார்கள்.

அங்கே ஆரம்பித்தது கொள்கைத் தகராறு. கை போன பக்கம் மில் இருந்தது, ஆகவே நாம் தொழிலாளர் கட்சி என்றது ஒரு கோஷ்டி. மில்லுக்கு இப்பால் பேங்க் இருந்தது, ஆகவே நாம் முதலீட்டை வளர்க்கும் கட்சி என்றது இன்னொன்று. பேங்குக்கு அடுத்தாற்போல் பட்டாளத்து முகாம். ஆகவே தேசமே தெய்வம் என்றது மூன்றாவது. தன் செருப்பைத் திருடிக்கொண்டு ஓடியவனைத்தான் தலைவர் சுட்டிக்காட்டினார் என்று ஒரு மூத்த உறுப்பினர் சொல்லிப் பார்த்தார். அவரைக் கட்சியை விட்டு நீக்கிவிட்டார்கள்.

தலைவர் கெட்டிக்காரர். சாகும்வரை விளக்கவில்லை. யாராவது கேட்டால், "சொல்லிட்டா பாதிப் பேரு வீட்டுக்குப் போயிடுவான்யா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அவர் போன பிறகு, பீப்பாய் நின்ற இடத்திலேயே கட்டிய தலைமை நிலையத்து முற்றத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். நீட்டிய கையும் ஆள்காட்டி விரலுமாக நல்ல வேலைப்பாடு. பீடத்தில் அதைப் பொருத்தும் பொறுப்பு என்னுடையது. எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்று கேட்டேன். செயற்குழு கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. கடைசியில் அன்றைய பொருளாளர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "இப்போதைக்குத் திருப்புற மாதிரி வச்சிடு. முடிவானதும் வெல்டிங் அடிச்சிக்கலாம்" என்றார். லாரிச் சக்கரத்து பேரிங் ஒன்றை அடியில் போட்டு, கிரீஸ் பூசி, சிலையை ஏற்றினேன். பச்சைக் குழந்தை தள்ளினாலும் திரும்பும். திறப்பு விழாவுக்கு மில்காரர்கள் கூட்டமாக வந்ததால் அன்றைக்கு மில்லைப் பார்த்து நிறுத்தினார்கள். வெல்டிங் அடிக்கச் சொல்லி யாரும் வரவே இல்லை.

அங்கே வாட்ச்மேனாக என் மச்சினனைச் சேர்த்துவிட்டதும் அந்தப் பொருளாளர்தான். என் மனைவியின் தம்பி. நின்றுகொண்டே தூங்கத் தெரிந்தவன், ஆகவே வாட்ச்மேன் வேலைக்கு வாகானவன். கட்டடத்தின் பின்னால் ஓர் அறையும் அவனுக்குக் கொடுத்தார்கள். அவனுக்குக் கல்யாணம் நடந்த வருஷம்தான் கட்சியின் கொள்கை முதல் தடவையாக மாறியது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் காலை எல்லோரும் வந்து பார்த்தபோது தலைவர் பேங்கைக் காட்டிக்கொண்டிருந்தார். பொதுச்செயலாளர் பதறிக்கொண்டு சிலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆனால் கட்சியின் கொள்கை விளக்கச் செயலாளர் அசரவில்லை. அவருக்குத் தொண்டர்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு. 'காபி வேணுமா' என்று கேட்டால்கூட ஆதாரத்தோடுதான் பதில் சொல்வார். தலைவர் ஆதியிலிருந்தே முதலீட்டின் நண்பர் என்று அட்டை போட்ட புத்தகத்தை அன்று சாயங்காலமே அவர் வெளியிட்டார். அத்தனை பக்கம் ஒரே பகலில் எப்படி அச்சானது என்று கேட்டவர்களை அவர் பார்த்த பார்வையில், கேட்டவர்களுக்கே தங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

பிறகு தலைவர் பட்டாளத்து முகாமுக்குத் திரும்பினார். கட்சி விறைப்பாக நடை பழகியது. மறுபடி மில், மறுபடி பேங்க். திரும்புகிற ஒவ்வொரு முறையும் அடிக்குறிப்பிடம் ஒரு புத்தகம் இருந்தது. தேர்தல்களிலும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மக்களுக்கும் ஒரே பக்கம் பார்த்தால் கழுத்து வலிக்கும் போல.

ஆனால் உள்ளே ஒருவரை ஒருவர் நம்பவில்லை. பேரிங்கைத் தொட்டவன் கையில் கிரீஸ் இருக்கும் என்று யாரோ சொல்லப்போக, தலைமை நிலையத்தில் கைகுலுக்கும் சாக்கில் நகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். செயற்குழுவில் எல்லோரும் கையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டே பேச வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மூக்கு அரித்தால் கூட்டத்தை நடத்துகிறவரிடம் அனுமதி கேட்டுத்தான் சொறிய முடியும். சிலையைக் கண்காணிக்கப் பொதுச்செயலாளர் ஓர் ஆளைப் போட்டார். அந்த ஆளைக் கண்காணிக்க அடிக்குறிப்பு ஓர் ஆளைப் போட்டார். அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்களே தவிர, சிலையை ஒருத்தனும் பார்க்கவில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் என் மச்சினனுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்த சில வாரங்களில், தலைவரின் விரல் வராந்தாவைத் தாண்டி, பொதுச்செயலாளர் அறையின் ஜன்னல் வழியாக, நேராக அவர் நெஞ்சைக் காட்டியது.

அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். சாத்தினால் விரல் கண்ணாடியைத் தட்டுவது போல ஒரு பிரமை. அன்றே என் மச்சினனைக் கூப்பிட்டு, "கட்சி மாநாடு வர்றதுக்குள்ள இது யார் வேலைன்னு கண்டுபிடிச்சுச் சொல்ற. இல்லைன்னா ரூமைக் காலி பண்ற" என்றுவிட்டார்.

என் வீட்டுக்கு இடி அப்படித்தான் வந்தது.

"ஏங்க, என் தம்பி குடும்பத்தோட நடுத்தெருவுல நிக்கணுமா?" என்றாள் மனைவி.

"நடுத்தெருவுல எதுக்கு நிக்கப் போறான்? நேரா இங்கதான் வருவான்."

"வந்தா என்னவாம்? உங்க அக்கா வரலையா?"

"அக்கா வந்தா, திரும்பிப் போனா. உன் தம்பிக்கு அந்த ரெண்டாவது பாதி தெரியாதே."

முன்பு ஒருமுறை 'ரெண்டே நாள்' என்று வந்தவன் அவன். கட்சி மேடையில் மட்டும் பேசிய பொதுவுடைமையை என் வீட்டில் நடத்திக் காட்டினான். என் கட்டில், என் சவரக்கத்தி, என் சாய்வு நாற்காலி எல்லாம் பொதுவாயின. எங்களுக்கு இருப்பதோ இரண்டு அறை. இப்போது மனைவி, இரட்டைப் பிள்ளை எல்லாம் சேர்த்து வந்தால், என் கிழட்டு எலும்பைப் பட்டறையில்தான் கிடத்த வேண்டும். சிலையைத் திருப்புகிறவனைக் கண்டுபிடிப்பது எனக்கு நாட்டுப் பிரச்சினை அல்ல, கட்டில் பிரச்சினை.

மறுநாள் காலையிலேயே போனேன். மச்சினன் வாசல் கம்பியைப் பிடித்தபடி கண்ணைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கினேன்.

"மாமா! நான் தூங்கலை."

"யாருடா தூங்குறேன்னு சொன்னா? உனக்கு யார் மேல சந்தேகம்?"

"எல்லார் மேலயும் மாமா. முந்தாநேத்து என் மேலயே வந்துச்சு."

அவனை விட்டுவிட்டுச் சிலையைச் சுற்றி வந்தேன். வெண்கலம் உடம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. ஆள்காட்டி விரல் மட்டும் புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. விரலின் நடுவில் வளையம் போட்டது போல ஒரு தேய்மானம்.

"என்ன அண்ணே, அண்ணாந்து பாக்குறீங்க? காக்கா எச்சமா?"

மச்சினன் மனைவி. இடுப்பில் ஈரத்துணி வாளி, தோளில் சுருட்டிய கயிறு. என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கயிற்றின் நுனிச் சுருக்கை ஒரு சுழற்றுச் சுழற்றி வீசினாள். அது பறந்துபோய்த் தலைவரின் விரலில் மாட்டியது. மறுநுனியை இழுத்துப் பொதுச்செயலாளர் அறையின் ஜன்னல் கம்பியில் கட்டினாள். குழந்தைத் துணிகளை வரிசையாகப் போட்டாள். ஈரப் பாரத்தில் கயிறு தொய்ந்தது. தேசத்தின் வழிகாட்டி, சத்தமே இல்லாமல், ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பினார். நான் போட்ட பேரிங் அவ்வளவு தரம்.

விரலில் இருந்த வளையத் தேய்மானத்தை மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

"ஏம்மா, எப்பவுமே இங்கதான் கட்டுவியா?"

"அது எப்படிண்ணே? வெயில் எங்கயோ அங்கதான். வந்த புதுசுல பேங்க் பக்கத்துச் சுவத்துல கட்டுனேன். அந்தப் பாவி மாடி எழுப்பி நிழலாக்கிட்டான். அப்புறம் பட்டாளத்துப் பக்கம் மாத்துனேன். அங்க அவனுங்க லாரி விட்டு ஒரே புழுதி. மழைக்காலத்துல மில் பக்கம்தான் சரி, அனல் அடிக்கும். இப்ப ரெட்டைக்குத் துணி சேருதில்ல, வராந்தா காத்துதான் ஒத்து வருது."

"உன் புருஷனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுதான் தெரியும்? கட்சிக்காரங்க வேலைக்கு வர்றதுக்குள்ள காய வச்சு எடுத்துருவேன். தலைவரு விரல் மாதிரி ஒரு கொடிக்கம்பம் கிடைக்குமாண்ணே? துணியில துரு ஒட்டாது."

முதலாளித்துவம், தேசபக்தி, உழைப்பாளர் ஆட்சி எல்லாம் அந்தக் கயிற்றில் சொட்டிக்கொண்டிருந்தன. உண்மை கைக்கு வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் மச்சினன் குடும்பம் அன்று மத்தியானமே என் வீட்டில் சாப்பிட உட்காரும். சொல்லாவிட்டால் மாநாட்டுக்கு மறுநாள். உண்மையால் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்த பிறகு, வேறு சரக்கைத் தேட வேண்டியதுதான்.

முதலில் பொதுச்செயலாளர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஐயா, அந்த பேரிங்கைப் போட்டவன் நான்தான். யார் திருப்புனாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பேரைச் சொல்லணுமா?"

எதையாவது போட்டுப் பார்ப்போம் என்றுதான் சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பானது. மேசைமேல் இருந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"ஒரே ஒரு தடவைப்பா," என்றார் அடித்தொண்டையில். "பேங்க்காரன் தேர்தலுக்கு உதவுறேன்னான். லேசாத்தான் தள்ளினேன்."

"நான் எதுவும் கேக்கலைங்க ஐயா. எனக்குக் காதும் கொஞ்சம் மந்தம்."

அடுத்து அடிக்குறிப்பு. அவரிடமும் அதே வார்த்தை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"புத்தகம் அச்சாகி வந்துடுச்சு. சிலை திரும்பலை. நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க? ஆதாரத்தைத் தேடிப் போறதுதானே ஆராய்ச்சி?"

எந்தத் திருப்பம் யாருடையது, எது குழந்தைத் துணியுடையது என்று பிரிக்கிற வேலை எனக்கு எதற்கு? அது தலைவருக்கே வெளிச்சம்.

மாநாட்டுக்கு முன் கூடிய செயற்குழுவில் என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். எல்லோருடைய கையும் மேசைமேல். ஒவ்வொரு கண்ணும் பக்கத்துக் கையின் மேல். மச்சினன் கதவோரம் நின்றான்; பயத்தில் அன்று விழித்திருந்தான்.

"சொல்லுப்பா. யார் திருப்புறது?" என்றார் பொதுச்செயலாளர். குரல் கேட்டது, கண் கெஞ்சியது.

"யாரும் திருப்பலைங்க," என்றேன். "தலைவர்தான் தானாத் திரும்புறாரு."

கூட்டத்தில் ஒரு மூச்சு விட்ட சத்தம். ஒன்றல்ல, பல. அடிக்குறிப்பையும் பொதுச்செயலாளரையும் நான் எதிர்பார்த்தேன். ஆனால் மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்கள். மகளிர் அணித் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவம், அந்த பேரிங் என்ன பாடுபட்டிருக்கும்!

அடிக்குறிப்பு உடனே எழுந்து பேசினார். பீப்பாயில் தலைவர் காட்டியது ஒரு திசையை அல்ல, திரும்பும் உரிமையை என்றார். 'கொள்கை மாறாது, திசை மாறும்' என்பது அன்றுமுதல் கட்சியின் முழக்கம் ஆனது. தானாகத் திரும்பும் தலைவருக்குக் காவல் இருப்பவன் சாதாரண வாட்ச்மேன் ஆகலாமா? மச்சினனுக்குத் 'திசைக் காவலர்' என்று பட்டம் கொடுத்து, பின்னறையை ஆயுளுக்கும் எழுதிவைத்தார்கள்.

"நிஜமாவே அவரு தானாத் திரும்புறாரா மாமா?" என்று வெளியே வந்ததும் கேட்டான்.

"ஆமாடா. காலையில பக்கத்துல போகாத. உன் பொண்டாட்டிய மட்டும் போகச் சொல்லு. தலைவருக்குப் பிள்ளைங்கன்னா பிரியம்."

அன்று என் கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்கினேன். மச்சினன் குடும்பம் இன்றும் அந்த அறையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் துணியின் கனம் கூடிவிட்டது; கட்சியும் முன்பைவிட வேகமாகத் திரும்புகிறது.

என் இரட்டை ஆணையின் மேல் யாருக்காவது சந்தேகம் வந்தால் தலைமை நிலையத்துக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். முற்றத்தின் கதவு பகலெல்லாம் திறந்தே இருக்கும். பீடத்தின் மேல் இருப்பது மார்பளவுச் சிலை. தோளோடு முடிந்துவிடும், கைகளே கிடையாது.