அண்ணன் கேமராவின் நிறம்

...இல்லை, பச்சை இன்னும் கொஞ்சம் தணியலாம், புல் இவ்வளவு பளீரென்று இருந்தால் பயிற்சியாளர் முகம் எடுபடாமல் போகும், ஆனால் இப்போது கை வைக்கக் கூடாது, லீவில் வந்த அண்ணன் படத்தைப் பார்க்க மாடிப்படி ஏறி வருகிறான், கடைசி நேரத்தில் எதையாவது திருகப்போய் எல்லாம் கெட்டுவிட்டால்... அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளரைப் பற்றிய படம். பாதிவரை எடுத்தவன் அண்ணன்தான், பெரிய கம்பெனியில் வேலை கிடைத்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். "மீதிய நீ எடு, ஆனா ஒட்டாதும்மா, உன்னோடது வேற கம்பெனி கேமரா, இந்தத் தோல் நிறம் அதுல வரவே வராது" என்றான். பாசமாகத்தான் சொன்னான், அதனால்தான் இன்னும் சுருக்கென்று தைத்தது, திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாமே? ஒட்டுப்போட்டது தெரிந்தால் மறுபடி எடுக்கவும் வழியில்லை, ஆட்டங்கள் முடிந்து அந்தப் பெண்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள்.

அண்ணன் எப்போதோ ஜன்னலோரம் அம்மாவை எடுத்த காட்சி ஒன்று கணினியில் கிடந்தது, அதை வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். அதே ஜன்னல், அதே காலை வெளிச்சம், அதே அம்மா. தன் கேமராவில் கான்ட்ராஸ்டை ஒட்டக் குறைத்தாள், நிறங்களின் அழுத்தத்தைத் தளர்த்தினாள், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை ஒரு நூல் சிவப்புப் பக்கம் நகர்த்தினாள், எடுத்தாள், பார்த்தாள், அழித்தாள், மறுபடி எடுத்தாள்... "எத்தனை தடவைடி இந்த மூஞ்சியையே எடுப்பே, எனக்கு மாப்பிள்ளை பாக்கறியா?" என்று அம்மா அலுத்துக்கொண்டதும் அவள் சிரித்த சிரிப்பில் கேமரா ஆடிவிட்டது. அந்த அளவுகளிலேயே மீதி ஆட்டங்களை எடுத்து முடித்தாள். எடிட்டிங்கில் அது வேறு போராட்டம், மஞ்சளை ஆரஞ்சுப் பக்கம் இழுத்தால் உதடு எரிகிறது, உதட்டைக் காப்பாற்றினால் கழுத்தில் பச்சை ஏறுகிறது, விட்டேனா பார் என்று அவளும் மல்லுக்கட்டினாள்.

அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தாள், புருவம் சுருங்குகிறதா, அது எரிச்சலா, வெறும் கண் கூச்சமா... தோற்றுப்போன ஆட்டம் வந்தது, சாயங்கால வெயிலில் பயிற்சியாளர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீராங்கனைகளைப் பார்த்துச் சிரிக்க முயல்கிறாள்.

"நிறுத்து, நிறுத்து. அந்தக் கன்னத்தப் பாரு. இதத்தான் சொன்னேன், என் கேமராவுல மட்டும்தான் இப்படி வரும்."

"அது நான் எடுத்ததுண்ணா."

"சும்மா சொல்லாதே."

"நீ போனப்புறம் நடந்த மேட்ச் அது. தோத்தது உனக்குத் தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான், பின்னால் ஓட்டிப் பார்த்தான், "அப்ப என்னோடது எங்க முடியுது?" என்று கேட்டான். அவள் சொல்லவில்லை, கண்டுபிடியேன் என்றாள். இரண்டு இடத்தில் விரல் வைத்தான், இரண்டும் தப்பு. "அடிப்பாவி!" என்று அவள் தலையில் குட்டிவிட்டு, "அம்மா, உன் பொண்ணு என்னையே ஏமாத்திட்டா!" என்று கத்திக்கொண்டே படியிறங்கினான், அந்தக் குரலில் தோற்றவனின் சுணக்கம் துளியும் இல்லை, ஊருக்கே சொல்லிவிடுவான் போலிருந்தது. வராது என்றானே, வந்துவிட்டது, அவன் வாயாலேயே வந்துவிட்டது...

அந்தக் கன்னத்தை மறுபடி ஓடவிட்டாள். அழகுதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று மைதானத்தில், கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் ஒரு நிமிஷம் பார்த்தாளே, அப்போது அந்த முகம் என்ன நிறத்தில் இருந்தது? கண்ணை மூடினாள். புல் வந்தது, வெயில் வந்தது, பயிற்சியாளர் வந்தாள், எல்லாமே அண்ணன் எடுத்த மாதிரியே வந்தது. இன்னும் அழுத்தி மூடிக்கொண்டாள், தான் பார்த்தது எங்கே...