என் தங்கச்சி இன்ஜினியர்

பெட்டி மூன்று முறை பீப் என்று கத்திவிட்டுச் செத்தபோது, இசைப்பிரியா லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து "தேங்க் யூ சார், தேங்க் யூ மேம்" என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். இன்டர்வியூ முடிந்து திரை அணைந்த மறுநொடி எழுந்து ஓடினாள். பெட்டியின் முதுகில் நாலாக மடித்துத் திணித்திருந்த துப்பட்டாவை உருவினாள். இஸ்திரி போட்டு எடுத்த மாதிரிச் சுட்டது.

பெட்டி அண்ணனுடையது. பதினைந்து வருடப் பழைய பிஎஸ் த்ரீ வீடியோ கேம் பெட்டி, அம்மிக்கல் கனம். மாற்றலாகி குவார்ட்டர்ஸைக் காலி செய்த ஆபீசர் வீட்டில் சல்லிசாகக் கொடுத்தார்கள் என்று இளம்பரிதி தூக்கிக்கொண்டு வந்தது. பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மைன்ஸில் கான்ட்ராக்ட்டில் சேர்ந்தவன் அவன். இவள் பிஇ படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் சேர்ந்தான் என்று வீட்டில் யாரும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். தனக்கென்று அவன் வாங்கிக்கொண்டது இந்த ஒன்றுதான்.

அன்று காலை பாதி விளையாட்டில் சூப்பர்வைசரிடமிருந்து போன். எவனோ லீவு போட்டுவிட்டான், வந்து நில். கான்ட்ராக்ட்காரன் முடியாது என்று சொல்ல முடியுமா? அப்படியே நிறுத்திவைத்துவிட்டுக் கிளம்பினான். "பாப்பா, ஆஃப் பண்ணிடாத. இன்னும் சேவ் ஆவல. ஆஃப் பண்ணா மூணு மணி நேரம் ஆடினது போச்சு." மைன்ஸ் கம்பெனியின் டவுன்ஷிப்பில் இது சகஜம். கரண்ட் போகாது, கட்டணமும் ஒரு பொருட்டில்லை. எதையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஷிப்டுக்குப் போகலாம். வெளியே வடக்குத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் கனவில்கூட இப்படிச் செய்யமாட்டார்கள்.

கத்திரி வெயிலில் ஹால் கொதித்தது. பெட்டிக்குள்ளிருந்த ஃபேன் லாரி மேடேறுகிற மாதிரி இரைந்தது. இன்டர்வியூவுக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. வைஃபை ஹாலில்தான் எடுக்கும். அணைத்தால் அண்ணனுக்குத் துரோகம், அணைக்காவிட்டால் எதிரில் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது. துப்பட்டாவை மடித்துக் காற்று வெளியே வருகிற பக்கம் செருகினாள். சத்தம் அடங்கியது. எலெக்ட்ரிக்கல் படித்தவள். காற்றை அடைத்தால் சூடு எங்கே போகும் என்று தெரியாதவள் இல்லை. முக்கால் மணி நேரம்தானே என்று நினைத்தாள்.

சாயங்காலம் இளம்பரிதி வந்து பொத்தானை அமுக்கினான். பச்சை, மஞ்சள், பிறகு சிவப்பு மினுக்கல். மறுபடி அமுக்கினான்.

"என்னாச்சு பாப்பா?"

"எனக்கென்ன தெரியும்? அதுவா நின்னுடுச்சு."

அதோடு வாயை மூடியிருக்கலாம். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் வாய் தானாக ஓடியது. "போன வாரந்தானே வடலூர்ல சர்வீஸ் பண்ண? தெர்மல் பேஸ்ட்ட ஒழுங்கா வெச்சிருக்க மாட்டாங்க. சூடு எறங்காது. சிப்புக்கு அடியில சாலிடர் வுட்டிருக்கும். அரைகுறைங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்."

இளம்பரிதியின் கண்ணில் துக்கத்தை மீறிக்கொண்டு ஒரு பெருமை வந்தது. "ரெண்டே நிமிஷத்துல கண்டுபுடிச்சிட்ட பாரு" என்றான்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடலூர் போனான். திரும்பி வந்து சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். "கடைக்காரரு சாதிக் பாய் பெட்டியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. உள்ளருந்து அவரு பொண்ணு வந்து, 'நாந்தான் செஞ்சேன், ஒழுங்காத்தான் செஞ்சேன்'னுச்சு. ஒன் வயசுதான் இருக்கும். 'என் தங்கச்சி இன்ஜினியர், அவ சொல்றா. நீ இன்னா படிச்சிருக்க?'ன்னு கேட்டேன் பாரு. கடையில நாலு பேரு இருந்தாங்க."

இசைப்பிரியா தட்டைத் தள்ளிவைத்தாள். கல்லூரியில் முதல் நாள் ஒருத்தி, "உங்க அப்பா என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டதற்கு அவள் நான்கு வருடம் அந்தப் பெண்ணோடு பேசவில்லை. அதே கேள்வியை இவள் பெயரைச் சொல்லி அண்ணன் இன்னொருத்தி முகத்தில் எறிந்திருக்கிறான். எறியக் கொடுத்தது இவள். டவுன்ஷிப் பிளாக்கின் வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டிருந்தான்: அந்தக் கடையில் கொடுக்காதீர்கள், இன்ஜினியரே சொல்லிவிட்டார். பதினான்கு கட்டைவிரல்கள். இரண்டு நாள் கழித்து இன்டர்வியூவில் அடுத்த ரவுண்டுக்குத் தேறிவிட்டதாக மெயில் வந்தது. இளம்பரிதி அல்வா வாங்கி வந்தான். அவன் ஊட்டியதை விழுங்கிவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அண்ணன் கடைக்குப் போய்வந்த ஒன்பதாம் நாள் மாலை வடலூர் பஸ் ஏறினாள்.

கடையில் அந்தப் பெண் மட்டும்தான் இருந்தாள். யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் வேலை மேஜைமேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தியிருந்தார்கள்.

"கேம் பெட்டி ரிப்பேர் பாப்பீங்களா?"

"இப்ப போர்டு வேலை எடுக்கறதில்லீங்க. ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ் மட்டும்தான்."

"ஏன்?"

"அத்தா வேணாம்னுட்டாங்க. ஒரு பிரச்சினை ஆயிடுச்சு. குடுத்திருந்தவங்க நாலஞ்சு பேரு வந்து செட்டத் திருப்பி வாங்கிகினு போய்ட்டாங்க." நிமிராமல் கண்ணாடிக்கு அடியிலிருந்த காற்றுக் குமிழியை நகத்தால் ஓரத்துக்குத் தள்ளினாள். "நீங்க கடலூர்ல பாருங்க."

"நாந்தான் அந்த இன்ஜினியர்" என்றாள் இசைப்பிரியா.

நகம் நின்றது.

பஸ்ஸில் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. துப்பட்டா, இன்டர்வியூ, முக்கால் மணி நேரம் என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். அந்தப் பெண், ருக்சார், இடைமறித்தாள். குரலில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது.

"துணி எந்தப் பக்கம்? பின்னாடியா, சைடுலயா?"

"பின்னாடி."

"முழுசா அடைச்சா?"

"ஆமா."

"அதுக்கு மின்னாடி எவ்ளோ நேரம் ஓடிச்சு?"

"காலைலேர்ந்து. நாலு மணி நேரம் இருக்கும்."

ருக்சார் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூச்சை நீளமாக விட்டாள். "ஒம்பது நாளா தூங்கல நானு. பேஸ்ட்ட கம்மியா வெச்சனா, ஸ்க்ரூவ ஒரு பக்கமா முடுக்கிட்டனான்னு நெனச்சிகினே கெடந்தேன். ஒங்கண்ணன் கத்துனதுகூட இல்ல. நம்ம கைதான் தப்போன்னு ஆயிடுச்சு."

இசைப்பிரியா "சாரி" என்றாள். அந்தச் சொல் எடையே இல்லாமல் விழுந்தது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

இப்போதுதான் ருக்சாருக்குக் கோபம் ஏறியது. "அத ஏன் எங்காதுல ரகசியமா சொல்றீங்க? நீங்க சொல்லிட்டு பஸ் ஏறிப் போய்டுவீங்க. எனக்கு அந்த ரிப்பேர் டேபிள் வேணும். எட்டு போர்ட வீணாக்கிக் கத்துகினேன், தெரியுமா? எங்கத்தா அசர் தொழுகைக்குப் போயிருக்காங்க, வர்ற நேரந்தான். அவங்ககிட்ட சொல்லுங்க. ஒங்கண்ணங்கிட்டயும் சொல்லுங்க. அவரு என்னா படிச்சிருக்கன்னு கேட்டாரே, அதே எடத்துல வெச்சி."

யார்மீதாவது பாய்ந்தே பழகியவள் இசைப்பிரியா. பஸ் கண்டக்டர், ஹாஸ்டல் வார்டன், வரதட்சணை பேசிய சித்தப்பா, ஒருத்தரையும் விட்டதில்லை. இப்போது பாய்வதற்கு எதிரில் யாரும் இல்லை. போனை எடுத்தாள். முதல் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த இளம்பரிதி மூன்றாவது ரிங்கில் எடுத்தான்.

"அண்ணா, வடலூர் பாய் கடைக்கு வா."

"அங்க எதுக்குப் போன? எதனா சொன்னானா ஒன்ன?"

"நீ வாண்ணா."

"அங்கயே நில்லு. எவங்கிட்டயும் வாயக் குடுக்காத. இதோ வந்துட்டேன்."

வைத்துவிட்டான். ருக்சார் கண்ணாடி ஒட்டிய போனைத் துடைத்து வைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். ஒருவர் வந்து மெமரி கார்டு கேட்டார், இல்லை என்று அனுப்பினாள்.

இளம்பரிதி சாலைக்கு அந்தப் பக்கம் பைக்கைச் சாய்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் குறுக்கே வந்தான். சட்டைப் பொத்தான் ஏறுமாறாகப் போட்டிருந்தது. கன்னத்தில் தலையணைத் தடம். தங்கச்சிக்காக எவனையும் அடிக்கத் தயாராக வருகிற முகம். அதே நேரம் இடப்பக்கமிருந்து ருக்சாரின் அத்தா சாதிக் அலி வந்தார். தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே வந்தவர், அவனைப் பார்த்ததும் நடையைக் குறைத்தார்.

கடைக்கு ஒரே படி. ஒரு ஆள் ஏறுகிற அகலம். இருவரும் அதன் முன்னால் வந்து நின்றார்கள்.

இளம்பரிதி அவரைத் தாண்டி உள்ளே பார்த்தான். "ஒண்ணும் இல்லல்ல பாப்பா?"

ருக்சார் கல்லா மேஜையின் மடக்குப் பலகையைத் தூக்கி வழிவிட்டாள். அவர்கள் ஏறவில்லை. கனமான பலகை. அவள் அதைத் தலைக்கு மேல் ஒற்றைக் கையால் பிடித்தபடி, இசைப்பிரியாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.