மூன்றாவது தொட்டித் தண்ணீர்

கம்பம் பக்கம் எங்கள் சின்ன ஊருக்கு 2003இல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஊர்ச் சாக்கடை முதல் தொட்டியில் தெளிந்து, இரண்டாவதில் காற்றடிக்கப்பட்டு, மூன்றாவதில் நல்ல நீராக நிற்க வேண்டும். அதற்குத் தற்காலிக ஆபரேட்டர் நான், ஜெய்லானி. திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது காற்றடிக்கும் மோட்டார் புகைந்துபோனது. கல்யாணத்தை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி நின்றார் காண்ட்ராக்டர்.

“மூணாவது தொட்டியில மட்டும் நல்ல தண்ணி நின்னாப் போதும். மத்ததை எவன் குனிஞ்சு பாக்கப்போறான்?” என்றார்.

நல்ல தண்ணீர் வேலிக்கு அந்தப் பக்கமே இருந்தது, சோணையம்மாள் அக்காவின் கிணற்றில். புருஷன் போன பிறகு அந்தக் கிணற்றை நம்பித்தான் ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தலையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் காப்பாற்றிவந்தாள். நான்தான் போய்க் கேட்டேன். வேறு யார் கேட்டிருந்தாலும் விரட்டியிருப்பாள்.

“பெரிய ஆபீசரெல்லாம் வாராகளாம்ல? எடுத்துக்க தம்பி, தண்ணிதான. ஊருக்கு நல்லது நடக்கட்டும்” என்று அவளே சுவிட்சைப் போட்டாள். அவள் மோட்டார் இரண்டு நாள் ஓடியது.

விழாவுக்கு வந்தவர்கள் தொட்டியை எட்டிப் பார்த்து அசந்துபோனார்கள். அங்கேயே பாட்டிலில் பிடித்து சீல் வைத்தார்கள். சுத்திகரித்த தண்ணீர் என்று எழுதிய தாளில் ஆபரேட்டராக நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். பெருமையாகத்தான் இருந்தது, வெட்கங்கெட்டவனுக்கு.

பரிசோதனையில் தண்ணீர் பிரமாதம் என்று வந்தது. அந்த ரிப்போர்ட்டைக் காட்டி ஊர்ச் சாக்கடையை மொத்தமாகத் திறந்துவிட்டார்கள். புகைந்துபோன மோட்டாரை மட்டும் மாற்றவே இல்லை. மூன்று தொட்டியும் நிரம்பி வழிந்து, கழிவெல்லாம் வேலியோர ஓடையில் தேங்கியது. அடுத்த வருடமே அக்காவின் கிணறு நாறியது. மாடு வாய் வைக்கவில்லை. பந்தலில் கொடி கருகியது. சின்னவளுக்கு உடம்பெல்லாம் சொறி.

அக்கா மனு மேல் மனு போட்டாள். 2006இல் ஒருவழியாக விசாரிக்க ஒரு அதிகாரி ஃபைலோடு நிலையத்துக்கு வந்தார்.

“இங்க பாரும்மா, சுத்தமான தண்ணின்னு ரிப்போர்ட் இருக்கு. உன் கிணறு கெட்டதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?”

“அய்யா, அன்னைக்கு பாட்டில்ல போனது என் கிணத்துத் தண்ணி. நாந்தேன் குடுத்தேன். இந்தா இங்கன நிக்கிறான்ல ஜெய்லானி, இவன்ட்டயே கேளுங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் கையெழுத்துக்குத்தான் காத்துக்கிடந்தது. அக்காவும் பார்த்தாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நிம்மதியாக இருந்தாள்.

“தொட்டியில சுத்தம் பண்ணுன தண்ணிதான் சார்” என்றேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஏலே, நல்லா யோசிச்சுச் சொல்லுலே” என்றாள், நான் ஏதோ மறந்துபோனவன் மாதிரி. இரண்டாம் முறையும் நான் அதையே சொன்னேன்.

தை மாதம் என்னை நிரந்தரமாக்கிய ஆர்டர் வந்தது. அதை வாங்கிக்கொண்டு நான் நிலையத்துக்கு வந்த அன்று வேலிக்கு அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. கிணற்றை மூட ஆள் விட்டிருந்தாள் சோணையம்மாள். கூடவே நின்று, மண்ணை எங்கே கொட்ட வேண்டும் என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள்.