சகலைக்கு வளர்ந்த கிருமி

கடலாடியில் மாமனார் வயலில் சீமைக்கருவேலம் வெட்டிய அன்று, எனக்கும் சகலை வீரபத்திரனுக்கும் காலில் முள் ஏறியது. இருவருக்கும் பாதம் வீங்கிச் சீழ் பிடித்தது. அவன் உடனே ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டான். மூத்த மருமகன் அல்லவா, மாமியார் தினமும் நாட்டுக்கோழி சூப்போடு பஸ் ஏறினார். நொண்டிக்கொண்டு திரிந்த என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவனுக்கு முன்னால் நான் குணமாகிக் காட்ட வேண்டும். பார்க்கப் போகும் சாக்கில், அவன் தலைமாட்டில் இருந்த அட்டையிலிருந்து தினம் ஒரு மாத்திரையை உருவி விழுங்கினேன். வலி கொஞ்சம் அடங்கியது; வீக்கம் அடங்கவில்லை. பதினைந்தாம் நாள் பக்கத்துக் கட்டிலிலேயே என்னையும் படுக்க வைத்தார்கள்.

அவன் சீழை லேபில் வைத்துச் சோதித்தபோது கிருமி வளர்ந்ததாம். அதற்கு ஒரு பெயரும் இருந்தது, ஏற்ற மருந்தும் இருந்தது. என் சீழில் ஒன்றும் வளரவில்லை. அதிலும் அவனுக்குத்தான் யோகம்.

டாக்டர் ஜெயப்பிரியா என் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். "எலும்பு வரைக்கும் போயிருச்சு. எந்தக் கிருமின்னுதான் தெரியல. முன்னாடியே ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டிருந்தா இப்படி ஆகும். சாப்பிட்டீங்களா? மறைக்காமச் சொன்னாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்."

எலும்பு என்றதும் மாமியார் பதறிப்போனார். வீரபத்திரன் கையிலிருந்த சூப்பை வாங்கி என்னிடம் நீட்டினார். "நீங்க முதல்ல குடிங்க மாப்பிள்ளை."

அவன் முகம் சுருங்கியதைக் கண் குளிரப் பார்த்தேன்.

"இல்ல டாக்டர்," என்றேன். "ஒண்ணுமே சாப்பிடல."