பதினெட்டு விநாடிக் கூரை

ரஸ்ஸல் ஹேக் தன் பழைய வேனையும் டான்யாவின் சின்னக் காரையும் கொடுத்துவிட்டு, கூரை மடங்கும் நீலக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். நாலு பேர் உட்காரலாம், ஆகவே இது குடும்ப வண்டிதான் என்பது அவன் வாதம். இங்கிலாந்தின் வடக்கே ஸ்கிப்டனில் வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை வருமா என்ற பேச்சு. அந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு கார் வாங்குகிறவனை என்னவென்று சொல்வது? பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "நல்லாருக்குப்பா, இனிமே வீட்ல குளிக்க வேண்டாம்," என்றார்.

டான்யாவோடு அவன் ஒரே வீட்டில் வாழத் தொடங்கி ஒன்றரை வருஷம். அவளுடைய மகள் ஹெட்டிக்குப் பதின்மூன்று வயது. பிப்ரவரியில் அவன் கல்யாணப் பேச்சை எடுத்தபோது டான்யா சுற்றி வளைக்கவில்லை. "எனக்குச் சரி. ஆனா ஹெட்டி சரின்னு சொல்லணும். அவ வேண்டாம்னா வேண்டாம்தான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது." ஹெட்டியைக் கேட்டான். "யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். ஏப்ரல் கடைசி வந்துவிட்டது, இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள். இந்தக் காரைப் பார்த்தால் பெண்ணின் மனசு இளகும் என்று இவனுக்கு ஒரு நினைப்பு. வாய்விட்டுச் சொல்லவில்லை. டான்யாவுக்குத் தெரியாதா என்ன?

முதல் ஞாயிற்றுக்கிழமை வெயில் தலைகாட்டியது. பதினோரு டிகிரி. வெயில் வந்தபிறகும் இப்படியொரு காரை மூடி ஓட்டுவது அங்கே மானக்கேடு. திறந்தார்கள். ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, கோட்டைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினார்கள். குளிருகிறது என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எதிரே இதே மாதிரிக் காரில் வந்த வழுக்கைத்தலைக்காரர் ஒருவர் கையசைத்தார். ரஸ்ஸலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பின் இருக்கையில் ஹெட்டி காலை மடக்கி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். முடி வாய்க்குள் போனது. காதில் மாட்டிய பாட்டு காற்றில் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் காரோடு வந்த கையேட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ரஸ்ஸல் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. சிக்னலில் நின்றபோது டான்யா, "உங்க அக்கா வீட்டுப் பக்கம் இனிமே நான் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்," என்று வழக்கமான குரலில் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் இருந்த ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "எப்படி இருக்கு?" என்று ரஸ்ஸல் கேட்டான்.

"ஒரே காத்து," என்றாள் ஹெட்டி. படியேறப் போனவள் திரும்பினாள். "ஸ்கூல் வாசலுக்கு மட்டும் இதைக் கொண்டு வந்துடாதீங்க. தபால்பெட்டி முக்குல நில்லுங்க, நானே நடந்து வந்துடுறேன்."

மூன்று நாள் அப்படியே நின்றான்.

வியாழக்கிழமை கடைக்குப் போய்விட்டு வந்தான். இருபத்துநாலு சுருள் டாய்லெட் பேப்பர், ஒரே கட்டு. கூரை மடங்கி டிக்கிக்குள் போகும் வண்டி அது. சாமான்கள் எல்லாம் உள்ளே இருக்கும் ஒரு திரைக்குக் கீழே அடங்க வேண்டும். கட்டு அடங்கவில்லை. முழங்காலால் அழுத்தி, திரையைக் கொக்கியில் அரைகுறையாக மாட்டி, டிக்கியைச் சாத்திவிட்டு, வெயிலில் திறந்த காரோடு முக்கில் வந்து நின்றான்.

பள்ளி மணி அடிக்கும் நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. பெண் காலையில் கோட்டு எடுத்துப் போகவில்லை. கூரை மூடப் பதினெட்டு விநாடி ஆகும், அதுவும் வண்டி நின்றால்தான். ஓடுகிற காரில் மழை தலைக்கு மேலே போய்விடும் என்று இந்தக் கார் வைத்திருக்கிற எல்லோரும் சொல்லித் திரிகிறார்கள். அதை நம்பி, பதினெட்டு விநாடிகூடப் பொறுக்காமல், ரஸ்ஸல் அப்படியே வாசலுக்கு விட்டான். பள்ளித் தெருவில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. போய்ச் சேருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டான்.

வாசலில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினான். டிக்கி வாயைத் திறந்தது, கூரை எழுந்தது, உள்ளே ஏதோ டக்கென்று கழன்றது, கூரை பாதியில் செங்குத்தாக நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினான். அசையவில்லை. பின்னால் பதினாலு வண்டி. ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் அடிக்க மாட்டார்கள், பொறுமையாகக் காத்திருந்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள். குடைக்கடியில் போன ஒரு அம்மாள், "நல்ல நாளாப் பாத்துத் தொறந்திருக்கீங்க," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

கூட்டத்தோடு ஹெட்டி வெளியே வந்தாள். பார்த்துவிட்டாள்.

போச்சு, எல்லாம் போச்சு, என்று நினைத்தான் ரஸ்ஸல். பத்து வாரமாக யோசித்தவளுக்கு இனி என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது? அவன் கூப்பிடவில்லை. அவள் தெரியாத மாதிரிப் போய்விடட்டும் என்று, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏய் ஹெட்டி, அது உங்கப்பாவா?" என்றது ஒரு பெண் குரல்.

"இல்ல."

மேலே கூரையில்லாததால் அது தெளிவாகவே கேட்டது.

பிறகு காலடிச் சத்தம் காருக்குப் பின்பக்கம் வந்தது. "முப்பத்திரெண்டாம் பக்கம்," என்றாள் ஹெட்டி. "திரை கொக்கியில மாட்டியிருந்தாதான் கூரை நகரும். அதைக்கூடப் படிக்கலையா?" திறந்திருந்த டிக்கிக்குள் பக்கவாட்டில் கையை விட்டு அந்தப் பேப்பர் கட்டை இழுத்தெடுத்தாள். திரையைக் கொக்கியில் மாட்டினாள். பள்ளிக்கூடம் முழுக்கப் பார்த்திருக்க, இருபத்துநாலு சுருளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் நின்றாள்.

"இப்ப அழுத்துங்க. விரலை எடுக்காதீங்க."

அழுத்தினான். கூரை நகர்ந்தது.

"அப்ப யாருடி அது?" என்று அந்தப் பெண் விடவில்லை.

ஹெட்டி முகத்துத் தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "எங்க ரஸ்ஸல். அம்மாவக் கட்டிக்கப் போறவரு. எதையும் படிச்சுப் பாக்க மாட்டாரு."

கூரை டொக்கென்று பூட்டிக்கொண்டது. ஹெட்டி முன் கதவைத் திறந்து, கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரஸ்ஸல் இன்னும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"போதும், எடுங்க," என்றாள்.