அந்த மேடம் நான் இல்லை

டாக்டர்கள் சொல்லச் சொல்லப் பத்து வருஷம் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடித்தவள் என்பதால், குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ஸ்கேன் அக்கா. பேசினாலே தானாக எழுதிக்கொள்ளும் ஒரு மென்பொருள் வந்த மாதம், "தேவைப்பட்டா கூப்பிடுறோம்மா" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார்கள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

நான்கு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் கைபேசிக்குச் செய்தி வந்தது. பெரிய மருத்துவக் குழுமம் ஒன்றின் பெயர் போட்டிருந்தது. உங்கள் விண்ணப்பம் பார்த்தோம், வீட்டிலிருந்தே ரிப்போர்ட் அடிக்கும் வேலை, நேர்காணல் இப்போதே, செய்தி வழியாகவே என்றிருந்தது. அங்கே விண்ணப்பித்தோமா என்று அவளுக்கு ஞாபகமில்லை. நாற்பது இடத்துக்குப் போட்டவளுக்கு எதுதான் ஞாபகமிருக்கும்? யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் தலையை வாரிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் கேள்விகள் வந்தன. நோயாளியின் விவரம் வெளியே போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று ஒரு கேள்வி. அதற்கு மட்டும் ஆறு வரி எழுதினாள். 'அருமை மேடம்' என்று பதில் வந்தது. பத்து வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அடுத்து அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி ஒரு போட்டோவும் கேட்டார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, லேசாகச் சிரித்து, எடுத்து அனுப்பினாள். வேலை உறுதி என்றார்கள். கம்ப்யூட்டர் அனுப்ப முன்பணம் கட்டச் சொன்னார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த புருஷனிடம் கைபேசியை நீட்டினாள். அவன் வயரிங் வேலை பார்ப்பவன். தட்டில் கை வைத்தபடியே கடைசிச் செய்தியை மட்டும் படித்தான்.

"வேலை குடுக்கறவன் நமக்குத்தானே தரணும்? நாம எதுக்கு அவனுக்குக் கட்டணும்?"

"கம்ப்யூட்டருக்குங்க. திருப்பிக் குடுத்துடுவாங்களாம்."

"ஆளப் பாத்தியா? குரலாவது கேட்டியா?"

அவள் குழுமத்தின் இணையதளத்தில் இருந்த எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள். எடுத்த பெண் அலுத்துப்போன குரலில் சொன்னாள்: "நாங்க மெசேஜ்ல இன்டர்வியூவே எடுக்கறதில்லைங்க. இன்னிக்கு நீங்க ஆறாவது ஆளு."

செய்தி வந்த எண்ணைத் தடுத்து, அத்தனை செய்திகளையும் அழித்தாள். பணம் போகவில்லை, தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள். அடுத்த வாரத்துக்குள் அதுவே குடியிருப்பில் சிரித்துச் சொல்லும் கதையாகிவிட்டது. அனுப்பிய போட்டோவைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் ஏதும் வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதத்தில் பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. ஒருநாள் காலையில் கல்லாவுக்கு முன்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். கைபேசியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி கைபேசியைப் பார்த்தாள்.

"நீங்கதானே மேடம் என்னை இன்டர்வியூ பண்ணது?"

"நானா? இல்லம்மா, வேற யாரையோ நெனச்சு..."

"பொய் சொல்லாதீங்க! இது யாரு?"

திரையில் ஸ்கேன் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அதே ஜன்னல் வெளிச்சம், அதே சிரிப்பு. கீழே அவள் முழுப் பெயர், 'மனிதவள அதிகாரி' என்று பதவி. 'பயப்படாதீங்க, என் அடையாள அட்டையையே அனுப்புறேன், பாருங்க' என்று அட்டையையும் அனுப்பியிருந்தார்கள். அதிலிருந்த முகவரியை வைத்து அந்தப் பெண் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். குடியிருப்பில் யாரோ கடையைக் காட்டியிருக்கிறார்கள்.

"பணம் போனாப் போகட்டும். உங்க முகத்த நம்பி துணிக்கடை வேலைய விட்டுட்டு வந்தேன். அங்க இப்ப வேற ஆள் போட்டுட்டாங்க."

கடைக்கு வந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தர் படம் எடுத்தார். முதலாளி எழுந்து வந்து, "என்னம்மா இது?" என்று கேட்டார். கேட்டது ஸ்கேன் அக்காவிடம்.

"என்னையும் இப்படித்தான் ஏமாத்தினாங்க சார்."

"அந்த மெசேஜக் காட்டுங்க."

அவள் அழித்திருந்தாள். அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "போன எனக்குக் காட்டாத. நீயே பாத்துக்கிட்டு வா. மொதல்ல உங்களப் பத்திச் சொல்லுங்கன்னு கேட்டிருப்பாங்க. அடுத்து, கடைசி வேலைய ஏன் விட்டீங்கன்னு. மூணாவது, வெவரம் வெளிய போகாம எப்படிப் பாத்துக்குவீங்கன்னு. நீ எழுதினதும் 'அருமை மேடம்'னு வந்திருக்கும்."

அந்தப் பெண்ணின் விரல் திரையில் மெல்ல மேலே போனது. நின்றது.

"நீங்களே கேட்டிருந்தா உங்களுக்குத் தெரியத்தானே செய்யும்," என்றாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது. கல்லாவைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

இருவரும் சேர்ந்தே காவல் நிலையம் போனார்கள். பெஞ்சில் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். எழுத்தர் அந்தப் பெண்ணின் புகாரைப் படித்துவிட்டு ஸ்கேன் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல குற்றவாளின்னு உங்க பேர்தானே இருக்கு?"

"அதனாலதான் சார் நானே வந்திருக்கேன்."

"அன்னிக்கே ஏன் வரல?"

"பணம் எதுவும் போகலையே சார்."

"போட்டோவும் அட்டையும் போச்சே. அத வெச்சுத்தானேம்மா அடுத்த ஆளப் புடிக்கிறான்? மெசேஜ் எதையும் அழிச்சிருக்கக் கூடாது." அவர் அதட்டவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. இரண்டு புகாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பதிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் அவள் அந்தப் பெண்ணிடம், "ஜெராக்ஸ் கடைல கேட்டுப் பாக்கவா உனக்கு?" என்றாள். "வேண்டாங்க," என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். முழுசாக நம்பினாளா என்று ஸ்கேன் அக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் முதலாளி, "கொஞ்ச நாள் வீட்ல இருங்கம்மா, பேச்சு அடங்கட்டும்," என்றார். வீட்டில் சொன்னபோது புருஷன், "போட்டோ அனுப்பினத எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டான்.

"நீங்க திட்டுவீங்கன்னு இல்ல. சிரிச்சு எடுத்தேங்க அத. அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அதே போட்டோவை வேலை தேடுகிறவர்களின் குழுக்களில் எல்லாம் அவளே போட்டாள். 'இந்த முகம் என்னுடையது. நான் யாருக்கும் வேலை தருவதில்லை. இந்த முகத்தோடு செய்தி வந்தால் எதையும் அனுப்பாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள்' என்று எழுதித் தன் எண்ணையும் கொடுத்தாள். புருஷன் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான், அவள் கேட்கவில்லை.

கேலி செய்யக் கூப்பிட்டவர்கள் உண்டு, காது கூசத் திட்டியவர்கள் உண்டு. ஏழாம் நாள் ஓர் ஆண் குரல், நடுத்தர வயது.

"மேடம், நீங்க இப்ப எனக்கு மெசேஜ் அனுப்பிட்டிருக்கீங்க. அட்டையப் புடிச்சு போட்டோ கேக்கறீங்க."

"அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. சட்டை மாத்திட்டு எடுக்கலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள உங்க பதிவப் பாத்தேன்."

"அனுப்பாதீங்க," என்றாள். "அழிக்கவும் செய்யாதீங்க. அப்படியே எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போங்க."

அந்தப் பக்கம் அவர் மறுபடி உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப இந்த வேலை இல்லீங்களா மேடம்?"

"இல்லீங்க," என்றாள். அவர் வைக்கும்வரை காத்திருந்தாள்.